டிரெய்லர் படி தொங்குகிறது: வெல்டு வைப்பதா, முட்டுக் கொடுப்பதா?

புளியரைக்காரன்

வணக்கம். செங்கோட்டை தாண்டி மலை ஏறத் தொடங்குகிற புளியரையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கொச்சிப் பக்கம் ஒருவரிடம் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கினேன். இரண்டே சக்கரம், உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, பெயருக்கு ஒரு கழிப்பறை. பொலேரோவில் மாட்டித் தென்மலை, பாலருவி, ஒரே ஒரு முறை வாகமண் வரை போய் வந்தோம். மற்ற நாளெல்லாம் தென்னந்தோப்பில் நிற்கும். குற்றால சீசனில் விருந்தாளி வந்தால் அதில்தான் படுக்கை.

பிரச்சினை வாசல் படியில். இரண்டு தட்டு, கத்தரி போல மடித்து வண்டிக்கு அடியில் தள்ளிவிடும் வகை. போன ஆடி மாதம் என் மாமியார் ஏறும்போது, "படி வாங்கினீங்களா, ஊஞ்சல் வாங்கினீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். அன்றுதான் டேப் எடுத்து அளந்தேன். வாசல் தளம் தரையிலிருந்து 69 செ.மீ. மூன்று ஏற்றம், ஒவ்வொன்றும் 23 செ.மீ. இருக்க வேண்டும். நான் 82 கிலோ. கீழ்த்தட்டின் ஓரத்தில் நின்றால் 4 செ.மீ. இறங்குகிறது. நான் இறங்கிய பிறகும் பழைய இடத்துக்கு முழுதாக வருவதில்லை.

சாக்கு விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். படிப்பெட்டி நான்கு போல்ட்டில் தொங்குகிறது. போல்ட் பிடித்திருப்பது சேஸிஸுக்கு அடியில் வெல்டு வைத்த இரண்டு ஆங்கிள் துண்டுகளில், 3 மி.மீ. தான் இருக்கும். இடது ஆங்கிள் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அதன் வெல்டு முனையில் மயிரிழை விரிசல், துருநீர் வழிந்த தடம். கத்தரிக் கம்பியில் ஒரு ரிவெட்டின் துளை முட்டை வடிவமாகிவிட்டது.

பக்கத்து வெல்டர், "விரிசல் மேலே ஒரு வெல்டிங் ராடு ஓட்டினால் போதும், அரை மணி நேர வேலை" என்கிறார். என் பையன் கீழே ஜாக்கி வைத்தால் போதும் என்கிறான். இரண்டில் எது சரி?

தோப்புவீடு

இரண்டு ஹாலோ பிளாக் வாங்கிக் கீழ்த்தட்டுக்கு அடியில் வையுங்கள் அண்ணாச்சி. ஒரு டீ செலவை விடக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். முடிந்தது கதை.

கம்பிப்பட்டறை

ஹாலோ பிளாக் சொன்னவர் மன்னிக்கவும், அதில் ஒரு வில்லங்கம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, எனக்குக் கடையநல்லூர்; பட்டறை புனலூரில். கேரவன் வேலை எப்போதாவதுதான் வரும். டிப்பர், டிராக்டர் டிரெய்லர், வீட்டு கேட் இவைதான் அன்றாடம். ஆனால் வெளியே நீட்டித் தொங்குகிற இரும்பு எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

உங்கள் முன் போல்ட்டிலிருந்து கீழ்த்தட்டின் ஓரம் 50 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் நடுவே 20 செ.மீ. ஓரத்தில் 80 கிலோ ஆள் நின்றால் முன் போல்ட் ஜோடியை 280 கிலோ கீழே இழுக்கும். பின் ஜோடியை 200 கிலோ மேலே தள்ளும். ஆள் 80 கிலோதானே என்று நாம் நினைப்போம், இரும்புக்குத் தெரிவது இந்த 280. பிள்ளைகள் குதித்து இறங்கினால் எடைக்கு மேல் ஒரு அடியும் சேரும்.

இந்தக் கனத்தை உங்கள் ஆங்கிள் முறுக்கலாக வாங்குகிறது. திறந்த ஆங்கிளுக்கு முறுக்கு ஆகவே ஆகாது. ஒரு அட்டையை 'ட' போல மடித்து முறுக்கிப் பாருங்கள், சுலபமாகச் சுழலும். அதே அட்டையை நாலு பக்கமும் ஒட்டிப் பெட்டிக் குழாயாக்கி முறுக்கிப் பாருங்கள், கை வலிக்கும். அதனால் விரிசல் மேலே ராடு ஓட்டினால் ஆறு மாதத்தில் வெல்டுக்குப் பக்கத்தில் புது விரிசல் வரும். உங்கள் வெல்டர் தொழில் தெரியாதவர் என்று சொல்ல வரவில்லை. கேட்ட வேலைக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் செய்வதென்றால் படிப்பெட்டியைக் கழற்றி வெளியே எடுப்பேன். விரிசலைக் கிரைண்டரில் வெள்ளை இரும்பு தெரியும்வரை தோண்டி, முறுக்கின ஆங்கிளை நேராக்கி, பிறகுதான் வெல்டு. அந்த ஆங்கிளின் திறந்த பக்கத்தை 5 மி.மீ. பட்டையால் மூடிப் பெட்டியாக்குவேன். முக்கியமான வேலை அடுத்தது: படிப்பெட்டியின் பின்பக்கத்திலிருந்து இரண்டு செவ்வகக் குழாயை வண்டியின் உள்பக்கமாக நீட்டி, சேஸிஸின் அடுத்த குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட வேண்டும். பின் பிடிமானம் 20 செ.மீ.க்குப் பதில் 40 செ.மீ. தள்ளிப் போனால் அந்த 280 கிலோ 180 ஆகும், 200 கிலோ 100 ஆகும். ஒரு குழாய் நீட்டியதற்கே இவ்வளவு.

போல்ட் 10 மி.மீ., தலையில் 8.8 என்று பலத்தின் தரம் பொறித்தது, நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகத் தளராதது), இரண்டு பக்கமும் அகல வாஷர். முட்டைத் துளையை வட்டமாகப் பெரிசாக்கி, புஷ் (துளைக்குள் செருகும் சின்னக் குழாய்) போட்டு, ரிவெட்டுக்குப் பதில் போல்ட் மாட்டுங்கள். அங்கே மட்டும் இறுக்கி முடித்ததும் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். படி மடங்க வேண்டுமே.

வெல்டிங்கைத் தோப்பில் வைத்துச் செய்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். பொலேரோவிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, டிரெய்லர் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள். கேஸ் சிலிண்டரை வண்டியை விட்டே தள்ளி வையுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்டச் சொல்லுங்கள். வேறெங்காவது மாட்டினால் கரண்ட் சக்கர பேரிங் வழியாக ஓடி அதைக் கெடுக்கும். தளத்துக்கு அடியில் பிளைவுட்டும் தெர்மாகோலும் இருக்கும். ஈரச்சாக்கு, ஒரு வாளித் தண்ணீர், வேலை முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே ஒரு ஆள். புகை இல்லை என்று டீ குடிக்கப் போய் வண்டியை இழந்தவர்கள் உண்டு.

இப்போது ஹாலோ பிளாக். வெயில் காலத்தில் சரிதான். சாரல் பிடித்தால் சக்கரம் மண்ணில் ஒன்றிரண்டு விரல் அமுங்கும், பிளாக் அமுங்காது. அப்போது படி வண்டியைத் தாங்கத் தொடங்கும். மனிதனுக்காகச் செய்த படியில் டிரெய்லர் உட்கார்ந்தால், இப்போது கீழே வளைந்த ஆங்கிள் மேல்பக்கமாக வளையும். திருகு ஜாக்கி என்றால் அன்றன்றைக்குச் சரிசெய்யலாம். பையன் சொன்னது பாதி சரி.

குமுளி ஏலக்காய்

அண்ணா, வண்டி பெரும்பாலும் நின்றுகொண்டேதான் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மடக்குப் படியை உள்ளே தள்ளிவிட்டு, தனிப் படி ஒன்று செய்யலாமே?

கேரளாவில் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை வந்தபோது ஆசைப்பட்டு நாங்களும் ஒரு டிரெய்லர் வாங்கி ஏலத்தோட்டத்தில் நிறுத்தினோம். வந்தவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். மடக்குப் படியில் கைப்பிடி கிடையாது, மழையில் வழுக்கும். இப்போது 40 மி.மீ. சதுரக் குழாயில் சட்டம், மேலே புள்ளித்தகடு, ஒரு பக்கம் கைப்பிடி, காலுக்குக் கால் 15 செ.மீ. சதுரத் தகடு. வண்டியைத் தொடாமல் 2 செ.மீ. இடைவெளி விட்டு நிற்கும். வண்டி எப்படி ஆடினாலும் படிக்குக் கவலை இல்லை.

ஒரு தப்பு செய்தோம், நீங்கள் செய்யாதீர்கள். மேல்தட்டைத் தளத்துக்குச் சமமாக வைத்துவிட்டோம். கதவு வெளியே திறக்கிறது, தட்டில் இடித்தது. வெட்டிக் குறைத்தோம். குறைத்த பிறகு முதல் ஏற்றம் வேறு, அடுத்தது வேறு. அந்த வித்தியாசத்தில்தான் எல்லோரும் தடுக்கினார்கள். மூன்று ஏற்றமும் ஒரே உயரம் இருக்கட்டும்.

புளியரைக்காரன்

இரண்டு பேருக்கும் நன்றி. தனிப் படி யோசனை மாமியாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, குறிப்பாகக் கைப்பிடி. ஆனால் அதை வாகமண்ணுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் மடக்குப் படியையும் சரிசெய்தே ஆக வேண்டும். பட்டறைக்காரரே, ஜாக்கியை எவ்வளவு ஏற்ற வேண்டும்? பையன் ஏற்றிய ஏற்றில் கதவு பிடித்துக்கொண்டது.

கம்பிப்பட்டறை

கதவு பிடித்தது என்றால் வாசல் சட்டமே மேலே தள்ளப்பட்டிருக்கிறது. உடனே இறக்குங்கள்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியை மட்டம் பார்த்து, நாலு மூலைக் காலையும் இறக்கிவிட்டுத்தான் படியை வெளியே இழுக்க வேண்டும். கீழ்த்தட்டின் நடுவில், ஓரத்தை ஒட்டி ஜாக்கி. அடியில் 30 செ.மீ. சதுரப் பலகை. தலை தகட்டைத் தொட்டதும் விரலால் திருகும் அளவுக்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். ஸ்பேனரைத் தொடவே கூடாது. மழை பெய்த மறுநாள் காலை ஒரு தடவை பார்த்துத் தளர்த்துங்கள்.

புளியரைக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். செங்கோட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்து நீங்கள் சொன்னபடியே செய்தாயிற்று. குழாய், போல்ட், புஷ், கூலி, ரெட் ஆக்சைடு எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். அடியில் பிளைவுட் கருகிவிடக் கூடாதே என்று நானே ஈரச்சாக்கோடு உட்கார்ந்திருந்தேன். பட்டறைத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான், பார்க்கட்டும்.

ஜாக்கி இல்லாமலே 4 செ.மீ. தொய்வு அரை செ.மீ. ஆகிவிட்டது. ஜாக்கி வைத்தால் அசைவே தெரியவில்லை. தனிப் படி அடுத்த மாதம்.

நேற்று மட்டும் ஒரு கூத்து. ஆரியங்காவுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஜாக்கியை எடுக்காமல் வண்டியை நகர்த்தப் போனேன். தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியதால் தப்பித்தது. இப்போது ஜாக்கியில் சிவப்புக் கயிறு கட்டி, மறுமுனையில் பொலேரோ சாவியைக் கோத்திருக்கிறேன்.