மார்பல் மேடையில் மஞ்சள் கறை: எலுமிச்சையா, பற்றா?

செந்தூல்வாசி: வெள்ளை மார்பல் சமையல் மேடையில் படிந்த மஞ்சள்தூள் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்புமே போதும் என்பது என் கருத்து. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் நமக்கு இது புதிதன்று. எங்கள் வீட்டில் தேய்த்தபோது மஞ்சள் போய்விட்டது. அந்த இடம் சற்றே மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜெலுத்தோங் அக்கா: ஐயா, அந்த ‘அவ்வளவுதான்’ என்பதைத்தான் மறுக்கிறேன். மார்பல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், எலுமிச்சை, புளி, வினிகர் என எந்த அமிலம் பட்டாலும் கரியமில வாயு வெளியேறி, கல்லின் மேற்பரப்பே கரைகிறது. பித்தளையில் புளி கரைப்பது மேலே படிந்த களிம்பை. இங்கோ மெருகையே தின்றுவிடுகிறது. அந்த மங்கலை எந்தச் சோப்பும் போக்காது. மெருகேற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.

மஞ்சளுக்குப் பற்றுப் போடுங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடில் சமையல் சோடாவைக் களிபோலக் குழைத்து, கறையின்மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, 24 மணி நேரத்திற்குப் பின் தாளை நீக்கி உலரவிட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சோடா பட்டதும் கறை சிவந்தால் பதற வேண்டாம். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைத்தவர்களுக்கு அது தெரிந்ததே.

செந்தூல்வாசி: ஆரத்தி விளக்கம் பொருத்தமானது. ஆனால் பெராக்சைடு வெளுக்கும் பொருள் அல்லவா? கறுப்பு மார்பல் வைத்திருப்பவர் என்ன செய்வார்? மேலும், காப்புப் பூச்சு பூசினால் எதுவுமே ஒட்டாது என்று கல் விற்றவர் உறுதியளித்தார். அப்படியிருக்க இத்தனை பாடு எதற்கு?

ஜெலுத்தோங் அக்கா: கறுப்புக் கல்லில் பெராக்சைடு கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், வெள்ளைக் கல்லிலும் முதலில் ஓரத்தில் சோதிப்பதே நல்லது. காப்புப் பூச்சு, எண்ணெயும் நீரும் உள்ளே ஊறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, அமில அரிப்பைத் தடுக்காது. விற்பவர் அதைச் சொல்வதில்லை.

பினாங்குத் தம்பி: அடிக்கடி அசாம் லக்சா (புளிப்பு மீன்குழம்பு நூடுல்ஸ்) கொதிக்கும் வீட்டில் மார்பலே தேவையா அக்கா? கிரானைட் போட்டால் புளிக்கு அஞ்ச வேண்டியதில்லையே.

செந்தூல்வாசி: தம்பி சொல்வது புதிதாக வீடு கட்டுபவருக்குப் பொருந்தும். என் மேடையை நான் பெயர்க்கப்போவதில்லை. மங்கல் என் கண்ணை உறுத்தவில்லை, மஞ்சள்தான் உறுத்தியது. ஆகவே எலுமிச்சையைக் கைவிடும் எண்ணம் எனக்கில்லை.

ஜெலுத்தோங் அக்கா: உங்கள் கல், உங்கள் விருப்பம் ஐயா. வாடகை வீட்டில் இருப்பவர்கள் மட்டும் இதைப் பின்பற்ற வேண்டாம். மெருகேற்றும் கூலி முன்பணத்தில் பிடிக்கப்படும்.