நாக்ஸோஸ் தீவில் எட்டு நாள்: ஒரே இடமா, மூன்று தீவா?

கேள்வி: தென்றல்வாசி

செப்டம்பர் 19 முதல் 27 வரை நானும் தோழியும் கிரீஸ் போகிறோம். விசா கையில் இருக்கிறது. 19 மதியம் ஒரு மணிக்கு ஏதென்ஸில் இறங்குகிறோம், 27 மாலை நான்கு மணிக்குத் திரும்பும் விமானம். மிக்கோனோஸ், நாக்ஸோஸ், சாந்தோரினி மூன்றையும் பார்க்கலாம் என்று அவள் சொல்கிறாள். எனக்கோ ஒரு குடை, ஒரு புத்தகம், கொஞ்சம் கடல் போதும். நான் முழு சைவம், முட்டையும் கிடையாது. அவளுக்கு நீச்சல் தெரியாது. கடைசி நாள் காலை தீவிலிருந்து கப்பல் ஏறி நேராக ஏர்போர்ட் போய்விடலாமா? அங்கே ஸ்கூட்டர் எடுப்பது நல்லதா?

பதில் 1: துறைமுகக் காகம்

கடைசிக் கேள்விக்கு முதலில்: முடியாது. நாக்ஸோஸிலிருந்து காலை கிளம்பும் பெரிய கப்பல் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகம் சேர ஐந்து, ஐந்தரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோவில் இன்னும் ஒரு மணி நேரம். நான்கு மணி விமானத்துக்கு ஒரு மணிக்கே கவுண்டரில் நிற்க வேண்டும். கணக்கு உதைக்கிறது. 26 அன்றே கப்பல் ஏறி, அன்றிரவு ஏதென்ஸில் தங்குங்கள்.

இதற்குக் காற்றும் ஒரு காரணம். ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்றை மெல்தெமி என்பார்கள். உச்சம் ஜூலை, ஆகஸ்ட். செப்டம்பர் பிற்பாதியில் தணிந்தாலும், இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும் சுற்று வராது என்று சொல்ல முடியாது. காற்று பலத்தால் துறைமுகக் காவல் பயணத்தையே தடை செய்யும். வேக கேட்டமரன்கள் முதலில் நிற்கும், பெரிய கப்பல்கள் கடைசியில்தான். கப்பல் ரத்தானால் டிக்கெட் பணம் திரும்ப வரும் அல்லது வேறு கப்பலுக்கு மாற்றித் தருவார்கள். தவறிப்போன விமானத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை.

மூன்று தீவு யோசனையை விட்டுவிடுங்கள், நாக்ஸோஸ் ஒன்றே போதும். ஒவ்வொரு தீவு மாற்றமும் அரை நாளைத் தின்னும்: காலை பதினொன்றுக்கு அறையைக் காலி செய்து, மூட்டையோடு துறைமுகத்தில் காத்திருந்து, புதிய அறை கிடைக்க மாலை மூன்று ஆகிவிடும். ஓய்வெடுக்கத்தானே போகிறீர்கள்?

19 அன்று: ஏர்போர்ட்டிலிருந்து நீலக் கோடு மெட்ரோ, 9 யூரோ. இறங்க வேண்டியது பிரேயஸ் நிலையம். அது கடைசி நிலையம் அல்ல, அதற்கு முந்தையது. ரயில் பெட்டியில் பர்ஸைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ தவறினால் எக்ஸ்96 பேருந்து இரவும் பகலும் ஓடுகிறது. மாலை ஐந்தரை வாக்கில் கப்பல் இருக்கிறதா என்று உங்கள் தேதிக்குப் பாருங்கள். இருந்தால் பிடிக்கலாம், ஆனால் விமானம் தாமதமானால் திண்டாட்டம். நிதானமான வழி, அன்றிரவு பிரேயஸில் தங்கி மறுநாள் காலை ஏழரை வாக்கில் கிளம்புவதுதான். எந்த வாயில் என்பதைக் கப்பல் நிறுவனத்தின் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேயஸ் பெரிய துறைமுகம், தப்பான வாயிலில் நின்றால் ஓட வேண்டியிருக்கும்.

ஏறியதும் பெட்டிகளை வண்டி நிற்கும் கீழ்த்தளத்தில், தீவின் பெயர் எழுதிய அடுக்கில் வையுங்கள். பாஸ்போர்ட், மருந்து, பணம் மேலே உங்களோடு. பெரும்பாலும் பாரோஸ் முதலில் வரும், அடுத்தது நாக்ஸோஸ். அறிவிப்பு வந்ததுமே கீழே இறங்கி நில்லுங்கள், ஏனென்றால் கதவு சில நிமிடம்தான் திறந்திருக்கும்.

பதில் 2: மணல்வீடு

மேலே சொன்னதை ஏற்கிறேன், தங்கும் இடம் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நீச்சல் தெரியாதவருக்கு ஹோராவை (நாக்ஸோஸின் துறைமுக ஊர்) ஒட்டிய ஆயியோஸ் யோர்யோஸ் கடற்கரைதான் சரி. ஆழமில்லாத விரிகுடா, வெகு தூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர். துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம். இன்னும் அமைதி வேண்டுமென்றால் ஆயியா அன்னா அல்லது ப்ளாக்கா. ப்ளாக்கா சுமார் 4 கிலோமீட்டர் நீள மணல், கூட்டம் தானாகவே பரவிவிடும். மிக்ரி விக்லா பக்கம் அறை எடுக்காதீர்கள். காற்றை நம்பிப் பலகையில் சறுக்குபவர்களின் இடம் அது, புத்தகம் படிக்கிறவர்களுக்குப் பக்கம் நிற்காது.

கிரீஸில் கடற்கரை எல்லாம் பொது. சொந்தத் துண்டை விரித்து உட்கார யாரும் பணம் கேட்க முடியாது. குடையும் சாய்வுப் படுக்கையும்தான் வாடகை, முன்வரிசைக்கு விலை கூடுதல். உட்காருவதற்கு முன்பே கேளுங்கள். பாறை ஓரங்களில் கடல் முள்ளெலி இருக்கும், ரப்பர் செருப்பு ஒரு ஜோடி எடுத்துப் போங்கள்.

அறை முன்பதிவில் சேராத ஒரு செலவு உண்டு: இரவுக்கு, அறைக்கு இவ்வளவு என்று ஒரு பருவநிலைக் கட்டணத்தை விடுதியிலேயே வாங்குவார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒன்று, இரண்டு நட்சத்திரத்துக்கு 2 யூரோ, மூன்றுக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. ஆறு இரவுக்கு நான்கு நட்சத்திரம் என்றால் 60 யூரோ, அலட்சியப்படுத்தும் தொகை இல்லை.

குளியலறையில் ஒரு கூடை இருக்கும். டாய்லெட் பேப்பரை அதில்தான் போட வேண்டும், குழாய் குறுகலானது, அடைத்துக்கொள்ளும். மதியம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஊர் தூங்கும் நேரம். சத்தம் கூடாது என்பது அங்கே சட்டமே. உங்கள் கேள்வியைப் பார்த்தால் இந்தச் சட்டத்துக்காகவே நீங்கள் அங்கே போகலாம்.

பதில் 3: கத்திரிக்காய்

சைவத்துக்குக் கவலை வேண்டாம், ஆனால் வார்த்தைகள் முக்கியம். ‘ஹொரீஸ் க்ரேயாஸ்’ என்றால் இறைச்சி இல்லாமல். அது மட்டும் சொன்னால் மீன் வரலாம். ‘நிஸ்தீசிமோ’ என்பது ஆர்த்தடாக்ஸ் விரத உணவு: இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. ஆனால் கணவாயும் ஆக்டோபஸும் அவர்கள் விரதத்தில் செல்லும்! அதனால் கேட்டு உறுதி செய்யுங்கள்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை ‘லதெரா’ என்ற வகை, அதாவது ஆலிவ் எண்ணெயில் வெந்த காய்கள். ஃபசோலாக்யா (பீன்ஸ், தக்காளி), கிகாந்தெஸ் (பெரிய மொச்சை, தொத்திறைச்சி சேர்த்தார்களா என்று கேட்கவும்), ஃபாவா (மஞ்சள் பருப்பு மசியல், நம் பருப்புக்கு ஒன்றுவிட்ட உறவு), ஹோர்த்தா (வெந்த கீரை, எலுமிச்சை). ‘கெமிஸ்தா’ என்ற அரிசி அடைத்த தக்காளியில் கொத்துக்கறி இருக்கலாம். ‘ஒர்ஃபனா’ என்று கேளுங்கள், அநாதை என்று பொருள், கறி இல்லாதது. திராட்சை இலைச் சுருளில் ‘யலாந்சி’, பொய்க்காரன் என்று பொருள்படும் துருக்கிச் சொல், அதுவும் கறி இல்லாதது. சுரைக்காய் வறுவல் போலத் தோன்றும் கொலொகித்தோகெஃப்தெதெஸில் பெரும்பாலும் முட்டை உண்டு, உங்களுக்கு ஆகாது.

நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு பேர் போனது, பொரித்ததை ஒரு தட்டு வாங்கிவிடுங்கள். கிராவியெரா பாலாடைக்கட்டி முக்கியமாகப் பசும்பாலில் செய்வது, ஆனால் ரெனட் (கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்து, பாலை உறைய வைக்கும் பொருள்) சேர்ப்பதால் கண்டிப்பான சைவர் யோசிக்க வேண்டும். நீங்கள் கேட்காமலே வரும் ரொட்டிக்கும் பில்லில் சிறு தொகை ஏறும், ஏமாற்று என்று நினைக்காதீர்கள்.

தென்றல்வாசி: மூவருக்கும் நன்றி. ஏதென்ஸில் ஒரு இரவு, நாக்ஸோஸில் ஆறு, மீண்டும் ஏதென்ஸில் ஒன்று என்று மாற்றிவிட்டேன். வண்டி பற்றி?

பதில் 4: சக்கரம்

ஸ்கூட்டர் வேண்டாம். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதிச் சீட்டும் அங்கே அவசியம். ஊரில் ஆர்டிஓவில் எடுக்க வேண்டும், ஒரு வருடம் செல்லும். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவுக்கு முத்திரை இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் காப்பீடு ஒரு காசும் தராது. வாடகைக் கடைக்காரர் சீட்டைக் கேட்காமலே சாவியைக் கொடுத்தால் அது சலுகை இல்லை, பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் என்று அர்த்தம். வளைவில் சரளைக்கல், எதிரில் ஆட்டு மந்தை, பக்கவாட்டில் காற்று என்று மூன்றும் சேர்ந்து வரும் சாலைகள் அவை.

கடற்கரைகளுக்குப் பேருந்தே போதும். நிலையம் துறைமுகத்துக்கு எதிரிலேயே. டிக்கெட்டை ஏறும் முன் வாங்கிவிடுங்கள்.

மலைக்கிராமங்களுக்கு ஒரே ஒரு நாள் சின்னக் கார் எடுங்கள். ஆட்டோமேட்டிக் குறைவு, ‘கியர் இல்லாதது’ வேண்டும் என்று முன்பே பதியுங்கள், ஏனென்றால் வலப்பக்கம் ஓட்டிக்கொண்டு வலக்கையால் கியர் மாற்றுவது முதல் நாளில் குழப்பும். ஹால்கி, அபிரான்தோஸ், அபொலோனாஸ் என்று போகலாம். ஹால்கியில் 1896 முதல் கிட்ரோன் மது வடிக்கும் ஆலை இருக்கிறது, கிடாரங்காய் இலையில் செய்வது. அபொலோனாஸில் 10 மீட்டருக்கும் மேல் நீளமான, பாதியில் விட்ட பளிங்குச் சிலை கல்வெட்டாங்குழியிலேயே படுத்திருக்கிறது. பெட்ரோலை ஹோராவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மண்சாலையில் இறங்காதீர்கள், டயருக்கும் அடிப்பாகத்துக்கும் காப்பீடு பெரும்பாலும் பொருந்தாது.

அந்திக்குப் போர்த்தாரா. கிமு 530 வாக்கில் தொடங்கி முடிக்காமல் போன கோயிலின் வாசல் அது. காற்றுள்ள நாளில் அங்கே போகும் கல்பாதை மேல் அலை தெறிக்கும், துணியும் கேமராவும் நனையும். காற்றில்லாத மாலையைத் தேர்ந்தெடுங்கள்.