9 மாசம் பை தூக்கியாச்சு, ஊர் திரும்ப 12 நாள்: கிளம்பும் முன் என்னென்ன முடிக்கணும்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கஜகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், வியட்நாம், லாவோஸ்னு மொத்தம் 9 மாசம், முதுகுல ஒரே 55 லிட்டர் பை. இப்ப லாவோஸ்ல லுவாங் பிரபாங்ல இருக்கேன். 12 நாள் கழிச்சு பாங்காக்ல இருந்து கொச்சிக்கு டிக்கெட். ஜூன் நடுவுல வீடு.

ஊர்ல கால் வச்ச அன்னிக்கே கல்யாண வீடு, தோட்டம், பேங்க்னு ஓட ஆரம்பிச்சிருவோம். அதனால இங்கயே உட்கார்ந்து போன 9 மாசத்தையும் ஒருக்கா திரும்பிப் பார்த்து எழுதிரணும்னு எண்ணம். ஆனா எங்க தொடங்குறதுன்னே பிடிபடல. மூணு நோட்டு இருக்கு, பாதி பக்கம் காலி. போட்டோ 11,000.

சாமான் கணக்கு: கிர்கிஸ் மலைக்கு வாங்கின கார்மின் இன்ரீச் (சாட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற கருவி), கேஸ் அடுப்பு, ஹனோய்ல வாங்கின கேஸ் டப்பா பாதி, லாவோஸ் பணம் 14 லட்சம் கிப், கொஞ்சம் கிர்கிஸ் பணம் சோம், அப்பாவுக்குன்னு சந்தையில வாங்கின ஒட்டரிசி நெல்லு ஒரு கிலோ. எதைக் கொண்டு வரலாம், எதை விடணும்? வீட்டுக்குப் பார்சல் போட்டுறலாமா?

மறையூர் சந்தனம்:

சாமானை மற்றவர்கள் சொல்வார்கள். எழுதும் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

12 நாளையும் ஊர் ஊராகப் பங்கு போடாதீர்கள். நாலு ராத்திரி ஒரே இடம். டார்மிட்டரி வேண்டாம், மேசை நாற்காலி உள்ள தனி அறையாகப் பாருங்கள். லுவாங் பிரபாங்கே போதும். பாங்காக் போன பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தால் நடக்காது, அங்கே கடைசி நேர வேலை நாளைத் தின்றுவிடும்.

"இந்தப் பயணம் எனக்குக் கற்றுக் கொடுத்தது" என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தால் அரைப் பக்கம் வரும். யார் எழுதினாலும் வருகிற அதே அரைப் பக்கம். ராத்திரிக் கணக்கில் தொடங்குங்கள். நீள நோட்டில் ஒரு ராத்திரிக்கு ஒரு வரி, ஏறக்குறைய 270 வரி: தேதி, ஊர், படுத்த இடம், எதில் வந்து சேர்ந்தது, கூட யார். டைரியில் காலியாகக் கிடக்கும் நாட்களை வேறு இடத்திலிருந்து பிடிக்கலாம். பாஸ்போர்ட் முத்திரை, அறை பதிவு செய்த மெயில், கார்டு ஸ்டேட்மென்ட் மூன்றும் உதவும். ஸ்டேட்மென்டில் வங்கி பதிவு செய்த தேதி இரண்டு மூன்று நாள் தள்ளி விழும், செலவு நடந்த தேதியை மட்டும் எடுங்கள். இவை எல்லாவற்றையும் விட நம்பகமானது அம்மாவுக்குப் போட்ட வாட்ஸாப். "சாப்ட்டாச்சு, பஸ் ஏறிட்டேன்" என்ற ஒற்றை வரி தேதி, மணியோடு அங்கேயே கிடக்கும்.

கேமரா கடிகாரத்தையும் பாருங்கள். இந்திய நேரத்திலேயே விட்டிருந்தால் கிர்கிஸ்தான் படங்களுக்கு அரை மணி கூட்ட வேண்டும், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் படங்களுக்கு அரை மணி குறைக்க வேண்டும், வியட்நாம், லாவோஸுக்கு ஒன்றரை மணி கூட்ட வேண்டும். பகல் படங்களில் இது பெரிய விஷயமில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு ஹனோயில் கேமராவில் எடுத்த படமும் போனில் எடுத்த படமும் முன்பின் மாறி நிற்கும்போதுதான் குழப்பம் வரும். படத்தில் பதிவான நேரத்தை மாற்றும் எக்ஸிஃப்டூல் போன்ற நிரலில், ஒரு நாட்டுக்கு ஒரு ஃபோல்டர் வைத்து நேரத்தை மொத்தமாக நகர்த்திவிடலாம். முதலில் ஒரு நகல் எடுத்து, நகலில் செய்யுங்கள்.

கூகுள் மேப் டைம்லைனை நம்பியிருந்தால் இன்றைக்கே பாருங்கள். அது இப்போது போனுக்குள்ளேதான் சேமிப்பாகிறது, பேக்கப் போடாமல் போன் தொலைந்தால் வழித்தடமும் தொலைந்தது. மூன்று மாதத்தில் தானே அழியும்படி அமைந்திருந்தால் முந்தையது ஏற்கெனவே போயிருக்கும். மிச்சத்தைக் காப்பாற்ற ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், லொகேஷன், லொகேஷன் சர்வீசஸ், டைம்லைன் என்று போனால் எக்ஸ்போர்ட் இருக்கும்.

பஸ் சீட்டு, பில் எல்லாம் மை இல்லாமல் சூட்டால் எழுத்து விழும் வெப்பத் தாள். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்தால்தான் இன்னும் சீக்கிரம் வெளுக்கும், உறையில் உள்ள ரசாயனம் அந்த எழுத்தைத் தின்றுவிடும். இன்றே படம் எடுத்துவிட்டுத் தாளைக் காகித உறையில் போடுங்கள்.

270 வரி முடிய ஒன்றரை நாள் ஆகும். அதன் பிறகு அதில் இருபது இருபத்தைந்து ராத்திரிக்கு மட்டும் குறி போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். "அழகாக இருந்தது" என்று எழுத வந்தால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதுங்கள். விடிகாலையில் பிக்குகளுக்கு அன்னமிடுவதைப் பார்க்கத்தான் எல்லோரும் லுவாங் பிரபாங் வருகிறார்கள். காவி வரிசையை எழுத வேண்டாம், அது பத்தாயிரம் போட்டோவில் இருக்கிறது. தாழ்ந்த முக்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த அம்மாள், மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசியைக் கிள்ளி எடுக்கும் அளவு, விரலில் ஒட்டியதை அடுத்த பாத்திரம் வருவதற்குள் எப்படித் துடைக்கிறார் என்பது. பத்து வருஷம் கழித்து அந்தக் காலையைத் திரும்பக் கொண்டுவருவது இதுதான்.

இன்னொரு தாளில் ஆட்கள். பெயர், ஊர், என்ன உதவி, நீங்கள் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள். "போட்டோ அனுப்புறேன்" என்று வாக்குக் கொடுத்த இடமெல்லாம் இதில் வந்துவிடும். கிளம்பும் முன் அனுப்பி முடியுங்கள். ஊர் வந்த பிறகு அனுப்புவோம் என்றவை பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை.

வேலையை விடுவது, வேறு ஊரில் குடியேறுவது மாதிரி முடிவுகளை இந்த நாலு நாளில் எழுத வேண்டாம். கேள்வியாக எழுதி வையுங்கள், பதில் வீட்டில் வரட்டும்.

செங்கோட்டை பாசஞ்சர்:

அண்ணாச்சி, லுவாங் பிரபாங்ல இருந்து தலைநகர் வியன்டியானுக்கு ரயில்லதான வாரிய? அப்பம் கேஸ் டப்பாவ மறந்திருங்க. கொசு ஸ்ப்ரே, டியோடரண்ட் ஸ்ப்ரே, கத்தி, எல்லாத்தையும் ஸ்டேஷன் வாசல் ஸ்கேனர்லயே எடுத்து வச்சிக்கிடுவாங்க. விமானத்துலயும் கேஸ் டப்பா கைப்பையிலயும் ஏறாது, பெரிய பையிலயும் ஏறாது. ட்ரெக்கிங் கடையில சும்மா குடுத்துட்டு வாங்க. அடுப்பு பர்னர சோப்பு போட்டுக் கழுவி, கேஸ் வாடை சுத்தமா போறவரைக்கும் காத்துல வச்சிட்டு பெரிய பையில போடுங்க. வாடை இருந்தா எடுத்துருவான்.

வியன்டியான்ல இறங்குறது சீன ரயில் ஸ்டேஷன். பாங்காக் ஸ்லீப்பர் கிளம்புறது கம்சவாத் ஸ்டேஷன். ரெண்டும் வேற வேற, நடந்து போற தூரமில்ல. ஒரு மணி நேர இடைவெளில டிக்கெட் போட்டு மாட்டிக்கிடாதிய. தாய்லாந்து எல்லையில இருக்க நோங் காய்ல பையோட இறங்கி தாய்லாந்து முத்திரை வாங்கணும். தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை (2025 மே மாசத்துல இருந்து கட்டாயம்) உள்ள நுழையிற நாளுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள நிரப்பணும், காசு கிடையாது. காசு கேக்குற தளம் வந்தா மூடிட்டு வெளிய வாங்க.

எல்லை செக்போஸ்ட்:

முக்கியமானது இன்ரீச். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் சாட்டிலைட் தொடர்புக் கருவியை இந்தியாவுக்குள் வைத்திருக்கக் கூடாது. "மலையேறத்தான் வாங்கினேன், சந்தா முடிஞ்சிடுச்சு" என்பதெல்லாம் விமான நிலையத்தில் எடுபடாது. பாங்காக்கிலேயே விற்றுவிடுங்கள். விற்கும் முன் சந்தாவை நிறுத்தி, உங்கள் கணக்கிலிருந்து கருவியை நீக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியவரால் தன் பெயரில் பதிய முடியாது, விலையும் கிடைக்காது. அதற்கு முன் அதில் பதிவான மலைத் தடங்களைக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள், மேலே சொன்ன 270 வரிக்கு அவையும் ஆகும்.

நெல்: விதையாக முளைக்கக்கூடிய எதற்கும் இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுப் பயிர்நலச் சான்றும் வேண்டும், ஒரு கிலோவானாலும் அதே சட்டம். அப்பாவுக்கு வறுத்த காப்பிக்கொட்டை வாங்கிப் போங்கள், பச்சைக் கொட்டை வேண்டாம். பூட்ஸ் அடியில் காய்ந்த மண்ணைப் பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுங்கள், மண்ணுக்கும் தடைதான்.

இ-சிகரெட் 2019 முதல் இங்கே தடை. பாங்காக் கடைகளில் கிடைக்கும் கஞ்சா மிட்டாய், எண்ணெய் எதுவும் பைக்குள் இருக்கக் கூடாது. விடுதியில் யாரோ தந்த பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பார்த்து எடுத்து வையுங்கள். அங்கே கடையில் விற்றது என்பது இங்கே போதைப்பொருள் தடுப்புச் (என்டிபிஎஸ்) சட்டத்தில் பதிலாகாது.

பணம்: 14 லட்சம் கிப் என்று கேட்கத்தான் கனம், மாற்றினால் அறுபது டாலர் சொச்சம். லாவோஸை விட்டு வெளியே வந்தால் வாங்க ஆள் கிடைப்பது அரிது. வியன்டியானிலேயே வங்கியில் தாய்லாந்துப் பணமான பாட் ஆக்குங்கள், அறை வாடகை, ரயில் டிக்கெட்டையும் கிப்பில் கொடுத்துக் கரையுங்கள். கிர்கிஸ் சோம் இனி நினைவுப்பொருள்தான். மிஞ்சிய பாட்டை சுவர்ணபூமியில் மாற்றினால் புறப்பாடு மாடியில் வேண்டாம், கீழே நகர ரயில் ஏறும் தளத்துக் கடைகளில் விலை நன்றாக இருக்கும். ஊர் திரும்பிய பின் 2,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் உள்ளதை 180 நாளுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். நாணயத்துக்கு வரம்பில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

ரொம்ப நன்றிங்க. இன்ரீச் விஷயம் சுத்தமா தெரியாது. நெல்லை விடுதி அக்காகிட்டயே குடுத்தர்றேன். பவர்பேங்க் 20,000 எம்ஏஎச், பிரச்சனை வருமா? 128 ஜிபி கார்டு ஒண்ணு நிறைஞ்சிருக்கு, அதை இங்கிருந்து கிளவுட்ல ஏத்திறலாமா? பை ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது, உள்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டுது. மழையில வீடு வர்றேன், அம்மா வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க.

எல்லை செக்போஸ்ட்:

20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், வரம்பு 100. கைப்பையில் மட்டும்.

128 ஜிபியை விடுதி வைஃபையில் ஏற்றினால், ஏற்றும் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட் தொடர்ந்து கிடைத்தாலும் 28 மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போகும். கடையில் இன்னொரு கார்டு வாங்கி நகலெடுத்து, ஒன்றைக் கழுத்துப் பையிலும் மற்றதைப் பெரிய பையிலும் வையுங்கள். தேர்ந்தெடுத்த 300 படத்தை மட்டும் கிளவுடில் ஏற்றுங்கள். நோட்டு மூன்றையும் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து அதோடு சேர்த்துவிடுங்கள்.

சித்தூர் அக்கா:

தம்பி, பிசுபிசுன்னு ஒட்டுறது உள்பூச்சு கரையுது. ஈரத்துல வச்சு வச்சு பாலியூரித்தேன் பூச்சு சிதையற வாடைதான் அது, துவைச்சாப் போகாது. பையை மெஷின்ல போட்டுறாதீங்க. உள்ள இருக்கிற அலுமினியப் பட்டியை உருவிட்டு, வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சமா சோப்பு விட்டு கையால கசக்கி, ஜிப்பெல்லாம் திறந்து தலைகீழா நிழல்ல தொங்கவிடுங்க. லுவாங் பிரபாங்லயும் இப்ப மழைதான், அதனால இதை வீட்டுக்கு வந்து பண்ணுங்க. ஆனியில நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கிற அடிக்கு ஒரே பகல்ல காஞ்சிரும். (மூணாறு ஆளுகளுக்கு இந்த யோசனை ஆகாது, அங்க பூஞ்சைதான் பிடிக்கும்.)

ஆனா துணிய அங்கயே முடிச்சிருங்க. மூட்டைப்பூச்சி இருக்கான்னு பையோட தையல் ஓரத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க, பேனா மையில குத்துன மாதிரி கறுப்புப் புள்ளி வரிசையா இருந்தா இருக்குன்னு அர்த்தம். பாங்காக்ல காசு போடுற லாண்டரி தெருவுக்குத் தெரு உண்டு. துவைச்ச பிறகு ட்ரையர்ல அதிகச் சூட்டுல அரை மணி நேரம் ஓடவிடுங்க, முட்டையும் சேர்த்துச் சாகும். இறகு ஸ்லீப்பிங் பேக் இருந்தா அந்தச் சூடு வேண்டாம், கெட்டுப் போயிரும். வீட்டுக்கு வந்ததும் பையைத் திண்ணையில அவிழுங்க, கட்டில் மேல போடாதீங்க.

இன்னொண்ணு. இங்க ஜூன்ல டெங்கு, எலிக்காய்ச்சல்னு காய்ச்சல் சீசன். வந்த பிறகு காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரியில முதல் வார்த்தையா "லாவோஸ்ல இருந்து வந்தேன்"னு சொல்லுங்க. இல்லைன்னா உள்ளூர்க் காய்ச்சல்னு எழுதி மலேரியா டெஸ்ட் எடுக்காமலே விட்டுருவாங்க. வைவாக்ஸ்ங்கிற மலேரியா வகை மாசக்கணக்குல ஒளிஞ்சிருந்து வரும். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் தின்னுட்டு இருந்தா, கிளம்புன பிறகும் நாலு வாரம் நிறுத்தக் கூடாது. டெங்கு இல்லைன்னு உறுதியாகாம ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் தொடாதீங்க, பாராசிட்டமால் மட்டும். நாய் கடிச்சு அங்க ஊசி தொடங்கியிருந்தா அந்த அட்டையைக் கைப்பையில வச்சுக்கோங்க, மிச்ச ஊசியைத் தொடர அதுதான் வேணும்.

செங்கோட்டை பாசஞ்சர்:

மறையூர்க்காரர் சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துவரல. 20, 25 பக்கம் நாலு நாளுல எழுதி முடியாது, கை வலிச்சு பாதில நிறுத்திருவாரு. பக்கத்துக்குப் பதிலா போன்ல பேசிப் பதிவு பண்ணுங்க, ஒரு ராத்திரிக்கு மூணு நிமிஷம். தேதி, ஊர் பேர முதல்லயே சொல்லிருங்க, பின்னால தேட வசதி.

மறையூர் சந்தனம்:

அதுவும் சரிதான். ஊர்ப் பெயர்களை மட்டும் தாளில் எழுதிவிடுங்கள். கராகோல், கொச்கோர் எல்லாம் குரலில் கேட்டால் அடுத்த வருஷம் என்ன எழுத்து என்று தெரியாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

சரிங்க, பேசியே பதிவு பண்றேன். கடைசியா பார்சல்? துணி, ரெண்டு கம்பளி, புத்தகம், 6 கிலோ வரும்.

எல்லை செக்போஸ்ட்:

கையோடு கொண்டுவாருங்கள். தபாலில் வரும் அன்பளிப்புக்கு இருந்த வரிச் சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது, பெட்டி மேல் "கிஃப்ட்" என்று எழுதினாலும் சுங்கம் மதிப்புப் போடும். கூடுதல் 6 கிலோவுக்கு விமானத்தில் முன்கூட்டியே ஆன்லைனில் எடை வாங்குங்கள், கவுன்டரில் வாங்கினால் மிக அதிகம். அனுப்பியே தீர வேண்டுமென்றால் முகவரியில் உங்கள் தாலுகாப் பெயரை வைத்து "சித்தூர், இந்தியா" என்று மட்டும் எழுதாதீர்கள். பாலக்காடு மாவட்டம், கேரளம் என்று முழுசாக எழுதி, 678இல் தொடங்கும் பின்கோடைப் பெரிதாகப் போடுங்கள். இல்லையென்றால் பெட்டி ஆந்திரச் சித்தூர் போய், 517001இல் ஒரு வாரம் தூங்கும்.