மல்லிகை கட்டும்போது மொட்டு கழன்று விழுகிறது, என்ன தப்பு?

கேள்வி:
அம்மா சொல்லிக்கொடுத்த முறைதான்: இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் முடிச்சு. சாயங்காலம் மனசு அடங்க இதைவிட நல்ல வேலை இல்லை. ஆனால் ஒரு முழத்துக்குள் நாலைந்து மொட்டு உதிர்கிறது. தையல் நூலில் கட்டுகிறேன்.

பதில் 1:
நூல்தான் வில்லன். மெல்லிசு நூல் காம்பைக் கத்தி மாதிரி அறுக்கும். வாழைநாரைப் பத்து நிமிஷம் ஊறவைத்து, நகத்தால் கிழித்து, ஈரத்தோடு கட்டுங்க. காய்ந்த நார் முடிச்சிலேயே ஒடியும்.

பதில் 2:
நார் மட்டும் காரணமில்லை. முடிச்சு பச்சைக் காம்பில் விழணும். மேலே வெள்ளைக் குழாயில் விழுந்தால் இழுக்கும்போதே மொட்டு கழன்றுவிடும். நாலு காம்பையும் குறுக்கே வைத்து, நாரை ஒரு சுற்று சுற்றி, வலது கை விரலில் வளையம் போட்டு காம்புக்கு மேலே மாட்டி இழுங்க. வெடுக்கென்று இழுக்காதீங்க, நார் காம்பில் பதிந்ததும் நிறுத்துங்க. அடுத்த நாலும் முந்தைய முடிச்சை ஒட்டியே வரணும், இடைவெளி விட்டால் சரம் தொளதொளக்கும்.

பதில் 3:
பாதி விரிந்த பூ வேண்டாம், எப்படிக் கட்டினாலும் உதிரும். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாலும் பழுத்துப்போகும். ஈரத்துணி போர்த்தினால் போதும்.

கேள்வி கேட்டவர்:
வெள்ளைக் குழாயில்தான் கட்டிக்கொண்டிருந்தேன்! நாளைக்கு நாரோடு உட்காருகிறேன்.