பென்ஷன் வாங்கியவர் இறந்தால் ஈமச் செலவுக்கு சாஸா உதவுமா?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் ஒருவர் கேட்டதும், இருவர் சொன்ன பதிலும்; ஆளுக்குப் பதில் ஊர்ப் பெயர். சாஸா என்பது பென்ஷனும் உதவித்தொகையும் தரும் அரசு நிறுவனம்.)

கேள்வி (சாட்ஸ்வர்த்)
பக்கத்து வீட்டுப் பாட்டி நேற்றிரவு அரசு மருத்துவமனையில் இறந்துவிட்டார். முதியோர் பென்ஷன் ஒன்றுதான் வருமானம். மகளுக்கு வேலையில்லை, பிள்ளைகளின் உதவித்தொகையில்தான் வீடு ஓடுகிறது. சாஸாவில் பணம் கிடைக்குமா? தகனம்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

பீனிக்ஸ்
ஈமச் செலவுக்கென்று சாஸாவில் தனித் தொகை கிடையாது. பென்ஷனும் இந்த மாதக் கடைசியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு கணக்கில் பணம் விழுந்தாலும் தொடவே வேண்டாம். திருப்பிக் கட்டச் சொல்வார்கள், வழக்கும் வரலாம்.

முதலில் பாட்டிக்குக் காப்பீடு இருந்ததா என்று பாருங்கள். ஈமக் காப்பீட்டுக்கு சாஸா தானே பிடித்துக் கொடுக்கலாம்: ஒரே ஒரு பாலிசி, பென்ஷனில் 10 சதவீதம் வரை. 2,000 ராண்டு என்றால் 200. இது பணம் வங்கிக்கு வருவதற்கு முன்பே பிடிக்கப்படுவதால் பாஸ்புக்கில் தனி வரியாகத் தெரியாது. வர வேண்டிய முழுத் தொகையையும் விழுந்த தொகையையும் ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் யாருக்குப் போகிறது என்று சாஸா அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளைகளின் உதவித்தொகையில் இப்படிப் பிடிக்கக் கூடாது.

டோங்காட்
பாலிசி இல்லையென்றால் மாநகராட்சிதான் வழி. ஆனால் ஈமக்கிரியைக் கடைக்காரரிடம் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே போக வேண்டும். மாநகராட்சி தானே அடக்கம் செய்து தருமே தவிர, கொடுத்துவிட்ட பணத்தைத் திருப்பித் தராது. இதில்தான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். மகளின் அடையாள அட்டை, பாட்டியின் அடையாள அட்டை, வருமானமில்லை என்ற அஃபிடவிட் எல்லாம் வேண்டும். அஃபிடவிட்டைக் காவல் நிலையத்தில் இலவசமாகவே உறுதிசெய்வார்கள்.

ஒன்றை மனத்தில் வையுங்கள்: மாநகராட்சி பெரும்பாலும் புதைக்கத்தான் செய்யும். தகனம் முடியுமா என்பதை உடல் பிணவறையை விட்டுப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். புதைத்த பிறகு தோண்டி எடுப்பது வேறு பெரிய வேலை.

கேள்வி (சாட்ஸ்வர்த்)
கோயில்காரர்கள் தகனச் செலவில் கொஞ்சம் தருவதாகச் சொல்கிறார்கள். அப்போது என்னென்ன தாள் வேண்டும்?

பீனிக்ஸ்
மருத்துவர் நிரப்பிய 1663 படிவம் (இறப்பு அறிவிப்பு), ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை அலுவலகம் தரும் அடக்க உத்தரவு. தகனத்துக்கு மருத்துவச் சான்று கூடுதலாகக் கேட்பார்கள். 1663-இல் பெயரும் அடையாள எண்ணும் அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று மருத்துவமனையிலேயே பாருங்கள். ஒரு எண் மாறினாலும் இறப்புச் சான்று நின்றுவிடும். முதல் சான்று இலவசம். பாட்டிக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், உலையில் வெடிக்கும். அதை எடுத்த பிறகுதான் தகனத்துக்கு ஏற்பார்கள்.

டோங்காட்
பாட்டியின் வங்கிக் கணக்கில் மிச்சம் இருந்தால், ஈமச் செலவு ரசீதை வங்கியில் காட்டி நேராகக் கடைக்காரருக்குக் கட்டுவார்களா என்றும் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். கார்டைப் போட்டு எடுக்க வேண்டாம்.