பிஎச்பி (PHP நிரல்மொழி): கையிருப்பு 0 என்றால் "பதியவில்லை" என்று காட்டுகிறது

சம்மாந்துறையில் ஒரு கமக்காரர் அமைப்புக்கு விதைநெல் கையிருப்புப் பக்கம் செய்து கொடுத்தேன். பிஜி 352 என்ற நெல்லினம் தீர்ந்து கையிருப்பு 0 ஆனதும், பக்கம் "பதியவில்லை" என்கிறது. 0 என்பதும் கணக்குத்தானே! களஞ்சியக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஆட்களுக்கு "இன்னும் எண்ணவில்லை" என்று சொல்லி அனுப்புகிறார்.

என் லேப்டாப்பில் பிஎச்பி 8.2, அங்கே சரியாக வருகிறது. சர்வரில் 7.4, அதை மாற்ற விட மாட்டார்கள். பெரும்போக விதைப்பு தொடங்கிய பிறகுதான் இது வெளிப்பட்டது.

இப்போது இருப்பது இரட்டைச் சமக்குறியால் (==) வெற்றுச் சரத்தோடு (எழுத்தே இல்லாத '') ஒப்பிடும் சோதனை. எண்ணாக வரும் 0வும் வெற்றுச் சரமும் 7.4இல் சமம், 8இல் சமமில்லை, வித்தியாசம் அதனால்தான். எம்ப்டி() (empty) போட்டால் இரண்டு இடத்திலும் 0 வெற்று என்றாகிறது, '0' என்ற சரமும் கூட. இஸ்செட்() (isset) நல்லைப் (null, மதிப்பே இல்லாத நிலை) பிடிக்கிறது, ஆனால் பழைய அட்டவணையில் வெற்றுச் சரமாகக் கிடக்கும் வரிசைகளை விட்டுவிடுகிறது. அப்புறம் இஸ்_நல்() (is_null) போட்டேன், அதே கதைதான்.

நல்லும் வெற்றுச் சரமும் மட்டும் "பதியவில்லை" ஆக வேண்டும், 0வும் '0'வும் கையிருப்பாகவே நிற்க வேண்டும். இரண்டு பதிப்பிலும் ஒரே விடை தரும்படி இந்த நிபந்தனையை எப்படி எழுதுவது?