அப்டேட்: சாப்பிடாமல் பதுங்கிக் கிடந்த கினிப்பிக் இப்ப சாப்பிடுறான்

போன கிழமை எழுதினன் எல்லோ, புதுசா வந்த கினிப்பிக் (முயல் மாதிரி வீட்டில வளர்க்கிற கினி எலி) ஒரு மூலைக்குள்ள ஒட்டிக்கொண்டு ஒண்டும் தொடுறானில்லை எண்டு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, உண்மையா அழுகிற நிலையில இருந்தனான்.

அண்டைக்குப் பின்னேரமே மிருக வைத்தியரிட்டக் கொண்டு போட்டன். பல்லு, வயிறு எல்லாம் வடிவாப் பாத்திட்டு, பயந்துதான் இருக்கிறான், ஆனா இதுகள் அரை நாள் சாப்பிடாட்டிலே குடல் வேலை செய்யாமல் நிண்டுபோகலாம், நாளைக்குப் பாப்பம் எண்டு விடக்கூடாது எண்டு சொன்னார். பிசைஞ்ச சாப்பாட்டை ஊசிமுனை இல்லாத சிரிஞ்சால கொஞ்சம் கொஞ்சமா வாய்க்கரையில குடுக்கக் காட்டித் தந்தார்.

வீட்டை வந்து கூட்டில பாதியை பழைய சாரத்தால மூடி, கார்ட்போட் பெட்டியில ரெண்டு வாசல் வெட்டி உள்ள வச்சன், டிவியையும் நிப்பாட்டினம். அம்மம்மா வளவுக்குள்ள அறுகம்புல் பிடுங்கிக் கழுவித் தந்தவ, அதை வாசலடியில வச்சிட்டு தூர இருந்தன். இரவு பத்தரை போல ஒரு மூக்கு மட்டும் வெளியால வந்துது, மீசை நடுங்க ஒரு புல்லை இழுத்துக்கொண்டு உள்ள ஓடிட்டான், பிறகு கறுக் கறுக்கெண்டு சத்தம், எனக்கு உயிர் வந்துது!

இப்ப காய்ஞ்ச புல்தான் முக்கால்வாசி. விற்றமின் சியை இதுகளின்ரை உடம்பு தானாச் செய்யாதாம், அதால யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில வாங்கிற குடைமிளகாயில ஒரு துண்டு ஒவ்வொரு நாளும். வெயிலுக்கு கூட்டை விறாந்தையில இருந்து உள்ள எடுத்தாச்சு. ஒவ்வொரு நாளும் நிறுக்கிறன், 610 கிராம் இருந்தவன் இண்டைக்கு 640.

இண்டைக்குக் காலமை பிரிட்ஜ் திறந்த சத்தத்துக்கே வீக் வீக் எண்டு கத்தினவன்.